எடைக்குப் போடும் நகரம்

லண்டனில் வீடு மாறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டில், மேசை, பாத்திரமெல்லாம் வண்டியேறிய பிறகு ஒரு பெரிய டெஸ்கோ கடைப் பை மட்டும் கூடத்தில் கிடக்கும். உள்ளே முழுக்க வயர். பழைய போன் சார்ஜர்கள், எதற்கென்றே தெரியாத கேபிள்கள், நீலத் தலையும் வெள்ளைத் தலையுமாக நாலைந்து மானிட்டர் அடாப்டர்கள். தூக்கிப் போட மனம் வராது, வைத்துக்கொள்ள இடமும் இராது. கடைசியில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று அந்தப் பை புது வீட்டு அலமாரிக்கும் கூடவே போகும். பிரிட்டிஷ் வீடுகளில் இப்படிச் சும்மா கிடக்கும் கேபிள்கள் மட்டும் 62.7 கோடி என்று மெட்டீரியல் ஃபோகஸ் என்ற அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. நாட்டின் மக்கள்தொகையோ ஏழு கோடிக்கும் கீழே. ஆளுக்கு ஒன்பது கேபிள் வருகிறது.

இந்தக் கேபிள்களிலும் வீட்டு மூலைகளில் கிடக்கும் மற்ற மின்சாதனங்களிலும் 38,000 டன்னுக்கு மேல் செம்பு இருப்பதாக அதே அமைப்பு கணக்குச் சொன்னது. பத்து லட்சம் கேபிள்களைத் திரட்டும் இயக்கம் ஒன்றையும் நடத்தியது. மின்சாரக் கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் செம்பு வேண்டும், சுரங்கம் தோண்டுவதைவிட அலமாரியைத் தோண்டுவது மேல் என்பது வாதம். வாதத்தில் குறையில்லை. அறுந்த கேபிளுக்கும் செத்த சார்ஜருக்கும் அதுதான் சரி.

மானிட்டர் அடாப்டருக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாது. கையடக்கமான ஒரு டிவிஐ-விஜிஏ அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து கிராம் செம்பு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். செம்பு கிலோ ஏழு பவுண்டு என்று போட்டால் மூன்றரைப் பென்ஸ். நொறுக்கி, உருக்கி, பிரித்தெடுக்கும் செலவை இன்னும் கழிக்கவில்லை. அதே அடாப்டர் கையில் இல்லாததால் ஒருவர் நன்றாக ஓடும் மானிட்டரைத் தூக்கிப் போட்டால் போவது நாலைந்து கிலோ கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உலோகமும். 2010 வாக்கு வரை வந்த எல்சிடி மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் திரைக்குப் பின்னால் இருப்பது பாதரசம் கலந்த மெல்லிய குழல் விளக்குகள். அவற்றைக் குப்பையில் பிரிப்பதே தனி வேலை, ஆபத்தான வேலை. சின்னப் பொருள்தான் பெரிய பொருளின் தலையெழுத்தை எழுதுகிறது. இதை எடைக்குப் போடுவதைப் போல வீணான காரியம் வேறில்லை. தேவைப்படும் ஆளிடம் அது போய்ச் சேர வேண்டும். சேராததற்குக் காரணம் மறுசுழற்சித் தொட்டி போதாமை என்று நான் நினைக்கவில்லை. பார்த்ததும் "இது இன்னது, இதற்குத்தான் ஆகும்" என்று சொல்லும் ஆள் லண்டனில் அருகிப்போனார். அதுதான் சிக்கல்.

அப்படி ஆள் வேண்டிய அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற மானிட்டர் இணைப்பைக் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து பின், இரு பக்கமும் திருகாணி. 1999இல் டிவிஐ வந்தது. பிறகு தொலைக்காட்சிக்காரர்களின் எச்டிஎம்ஐ, 2006இல் கணினிக்காரர்களின் டிஸ்ப்ளேபோர்ட். விஜிஏவை 2015க்குள் கைவிடப்போவதாக இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகிய நிறுவனங்கள் 2010 டிசம்பரில் கூட்டாக அறிவித்தன. அறிவித்தபடியே மடிக்கணினிகளிலிருந்து அது மறைந்தது. மண்டபங்களின் கூரையில் தொங்கும் புரொஜெக்டர்களுக்கு அந்த அறிவிப்பை யாரும் படித்துக் காட்டவில்லை.

வெள்ளைத் தலை டிவிஐயைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். எட்டெட்டாக மூன்று வரிசை, மொத்தம் இருபத்துநான்கு பின். பக்கத்தில் தட்டையாக ஒரு தகடு. அந்தத் தகட்டைச் சுற்றி நான்கு மூலையிலும் நான்கு சிறு பின்கள் இருந்தால் அதில் பழைய அனலாக் சிக்னலும் போகும், விஜிஏவுக்கு எளிதாக மாற்றலாம். அந்த நான்கும் இல்லையென்றால் வெறும் டிஜிட்டல். கணினியின் பின்புறத்திலும் அந்த நான்கு துளை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அடாப்டர் உள்ளேயே போகாது. நிறைய பேர் அழுத்தி அழுத்திப் பார்த்துப் பின்னை வளைத்துவிட்டு, "மானிட்டர் போச்சு" என்பார்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவதென்றால் வெறும் கம்பி இணைப்பு போதாது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ளே வேண்டும். அப்படிச் சில்லே இல்லாமல், ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் விஜிஏவும் கோத்த கேபிள்கள் இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கியவருக்குப் படம் வராது. அவர் பழியைப் பழைய மானிட்டர் மேல் போடுவார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் உதாரணம் ஆப்பிளுடையது. 2008இலும் 2010இலும் வந்த அதன் எல்இடி சினிமா டிஸ்ப்ளேயிலும், 2011இல் வந்த தண்டர்போல்ட் டிஸ்ப்ளேயிலும் கேபிள் முனை ஒரே வடிவம். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினால் வித்தியாசம் தெரியாது. முதலாவது பேசுவது மினி டிஸ்ப்ளேபோர்ட், இரண்டாவது பேசுவது தண்டர்போல்ட். இன்றைய மேக்கோடு இணைக்க ஆப்பிளே விற்ற தண்டர்போல்ட் அடாப்டர் இரண்டாவதற்கு வேலை செய்யும், முதலாவதற்குச் செய்யாது. இருபத்துநான்கு, இருபத்தேழு அங்குலத்தில் இன்றும் பளிச்சென்று எரியும் திரைகள் இவை. விஷயம் தெரியாமல் எத்தனை பேர் இவற்றைக் குப்பைக்கு அனுப்பியிருப்பார்கள்!

விற்றுவிடலாமே என்றால், அதற்கும் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் தனிநபர் விற்பனையாளர்களிடம் ஈபே கட்டணம் வாங்குவதில்லை, வாகனங்கள் மட்டும் விலக்கு. ராயல் மெயிலின் பெரிய கடித வகைக்குத் தடிமன் 25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். குமிழ்த்தாளில் சுற்றிய அடாப்டர் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் தபால் செலவையும், உறை வாங்கி அஞ்சலகம் வரை நடக்கும் நேரத்தையும் சேர்த்தால் சாதாரண விஜிஏ அடாப்டரில் லாபமென்று எதுவும் தேறாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இணையச் சந்தைகள் விற்பனையாளர்களின் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு முப்பது விற்பனை நடந்தாலே பட்டியலில் பெயர் ஏறும். மூன்று பவுண்டுக்கு ஒன்றாக முப்பது அடாப்டர் விற்றுத் தொண்ணூறு பவுண்டு பார்த்தவரும் அதில் இருப்பார். வரி ஒன்றும் கட்டவேண்டியதில்லை, ஆயிரம் பவுண்டு வரை வியாபார வருமானத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் சாமானியர் பயந்து பின்வாங்க இந்தச் செய்தியே போதும்.

பழைய பொருளில் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விற்பது உற்பத்தி நின்றுபோன அபூர்வங்களை. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆப்பிள் தன் மானிட்டர்களுக்கென்று ஏடிசி என்ற தனி இணைப்பைக் கொண்டுவந்தது. படம், மின்சாரம், யுஎஸ்பி மூன்றும் ஒரே கேபிளில். நாலைந்து ஆண்டில் அதைக் கைவிட்டது. அந்த மானிட்டரை மற்ற கணினிகளோடு சேர்க்க ஆப்பிள் விற்ற அடாப்டர், செங்கல் மாதிரி கனமான ஒரு பெட்டி. இன்றைக்குப் பழைய கணினிப் பிரியர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஒரே கேபிளில் மூன்றையும் அனுப்பும் அந்த யோசனையைத்தான் யுஎஸ்பி-சி என்ற பெயரில் இப்போது உலகமே கொண்டாடுகிறது. விற்கிறவருக்கு ஒன்று சொல்லலாம். எந்த முனை கணினிக்கு, எந்த முனை மானிட்டருக்கு, சில்லு உள்ளதா இல்லையா என்று எழுதுங்கள். ஆப்பிள் பொருளென்றால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சாம்பல் எழுத்தில் பொடியாக ஒரு மாடல் எண் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தாவது அதை எழுதுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை, தலைகீழாகச் சொருகினால் ஓடாது. இதை எழுதாததால் திரும்பி வரும் பார்சல்கள்தான் அதிகம்.

பார்த்துச் சொல்லும் ஆள் லண்டனில் ஒரு காலத்தில் இருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி ரேடியோக்களும் வால்வுகளும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. சோஹோவின் லைல் தெருவிலும், எட்ஜ்வேர் சாலையிலும், டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலும் அவற்றை விற்கும் கடைகள் முளைத்தன. போரில் பயன்பட்ட ராடார் குழாயை வாங்கி வீட்டிலேயே தொலைக்காட்சி செய்துகொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு. காலாவதியான சரக்கை நம்பியே பிழைத்த வீதிகள் அவை. டாட்டன்ஹாம் கோர்ட் சாலை பிறகு ஹைஃபை வீதியாகி, கணினி வீதியாகி, இன்று அலுவலகங்களும் அறைகலன் கடைகளும் காபிக் கடைகளுமாக மாறிவிட்டது. நாடு முழுக்க இருநூறுக்கு மேல் கிளைகள் வைத்திருந்த மின்னணுப் பொருள் கடை மேப்ளின், 2018 பிப்ரவரியில் திவாலானது. எசெக்ஸில் 1972இல் தொடங்கிய நிறுவனம். வினோதமான பின்னோடு உள்ளே போனால் வேறொரு வினோதமான பின்னோடு வெளியே வரலாம் என்ற நம்பிக்கையைத் தந்த கடைசிக் கடைத்தெருப் பெயர் அதுதான். விலை கூடுதல் என்று எல்லாரும் திட்டினோம். மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்று விழித்தோம்.

மின்னணுச் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் இந்தத் தவிப்பு இன்னும் வரவில்லை. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து ஏதாவது ஒரு கவுண்டரில் கேபிளை நீட்டினால், பையன் அதை வாங்கிப் பார்க்கக்கூட மாட்டான். தூரத்திலிருந்தே "மேல் டு ஃபீமேல், பழசு, நாலு கடை தள்ளிப் போங்க சார்" என்பான். கொழும்பு பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவிலும் இதே கதைதான். அந்தப் பையன் படித்தது எந்தக் கல்லூரியிலும் இல்லை. தினம் இருநூறு பின்களைப் பார்த்துப் பழகிய கண் அது. லண்டன் இழந்தது அந்தக் கண்ணை.

லண்டன் தமிழர்களுக்கு இது நேரடியாகவே தெரியும். ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த மண்டபம். கூரையில் பழைய புரொஜெக்டர், சுவரோரம் நீளமாகத் தொங்கும் விஜிஏ கேபிள். டீச்சரின் மடிக்கணினியில் இருப்பது யுஎஸ்பி-சி ஓட்டை மட்டும். பிள்ளைகள் வேடம் கட்டி வரிசையில் நிற்பார்கள். "அண்ணை, இதுக்கு ஏதும் வயர் வச்சிருக்கிறியளோ?" என்று மேடையிலிருந்து ஒரு குரல். "பொறுங்கோ தங்கச்சி, காருக்க கிடக்கும்" என்று ஒருவர் எழும்பிப் போவார். ஒவ்வொரு சங்கத்திலும் இப்படி ஓர் அண்ணை உண்டு. காரின் டிக்கியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் பத்துப் பன்னிரண்டு அடாப்டர். அந்த டின்னை எடைக்குப் போட்டால் ஒரு தேநீர் குடிக்கவும் காணாது. விழா நடப்பது அதை நம்பித்தான்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கப்பலில் ஊருக்குப் பெட்டி போடும்போது பழைய கணினிச் சாமான்களையும் சேர்த்து அடைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கு ஓடுகிற மானிட்டரும், அதற்குப் பொருந்துகிற அடாப்டரும், எதற்கு எது என்று எழுதிய சீட்டுமாகப் போனால் புண்ணியம். எதற்கென்று நமக்கே தெரியாத வயர்க் குவியலைச் சாக்கில் கட்டி அனுப்பினால், நம் வீட்டுக் குப்பையை அவர்கள் வாசலில் கொட்டுகிறோம் என்றே பொருள். 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தானது ஆகாதது என்ற பேதமில்லாமல் எல்லா மின்குப்பையும் எல்லை தாண்ட, பெறும் நாட்டின் முன்அனுமதி வேண்டும் என்று பேசல் உடன்படிக்கை விதிக்கிறது. தனி ஒருவரின் பெட்டியை யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். 2022இல் உலகம் கழித்துப் போட்ட மின்குப்பை 6.2 கோடி டன், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது அதில் கால் பங்குக்கும் கீழே என்கிறது ஐநாவின் அறிக்கை. ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் பிரிட்டன், நார்வேக்கு அடுத்து முன்வரிசையில் நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 24 கிலோ.

சட்டத்தின் பார்வையும் எடை மேல்தான். பிரிட்டனில் மின்குப்பைக்கான இலக்குகள் ஆண்டுதோறும் டன் கணக்கில் வைக்கப்படுகின்றன. உற்பத்தியாளர்கள் கட்டும் பங்கும் டன் கணக்கில்தான். இருபது கிராம் அடாப்டர் ஐந்து கிலோ மானிட்டரைக் காப்பாற்றினால், குப்பையில் சேர்ந்த எடை அந்த ஐந்து கிலோ அளவுக்குக் குறையும். காப்பாற்றியவருக்குக் கணக்கில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. 2021 ஜூலையில் வந்த பழுதுபார்க்கும் உரிமை விதிகள் டிவி, மானிட்டர்களையும் தொட்டன. உதிரிப் பாகங்கள் குறைந்தது ஏழாண்டுகள் கிடைக்கவேண்டும் என்றன. வெளியே இருக்கும் பவர் அடாப்டரும் ரிமோட்டும் வாங்கியவருக்கே கிடைக்கவேண்டிய பட்டியலில் உண்டு. படம் கடத்தும் அடாப்டருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

நல்ல முயற்சிகள் லண்டனில் இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ரிப்பேர் விருந்துகள் நடத்துகிறது. அதன் கூட்டு முயற்சியில் பிரென்ட் பகுதியின் அபே ரோடு குப்பை மையத்திலேயே ஃபிக்ஸிங் ஃபேக்டரி என்ற பட்டறை திறந்தார்கள். கழித்துப் போட வந்த மடிக்கணினிகளைச் சரிசெய்து தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 2020 ஊரடங்கில் லாம்பெத்தில் தொடங்கிய ஒரு டெக்எய்ட் குழு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய கணினிகளைத் தேடித் தேடிச் சேர்த்தது. இவர்கள் எல்லாருடைய கவனமும் மடிக்கணினி மேல். அது நியாயம்தான். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, புதுக் கணினிக்கு மாறுகிற வீடுகளிலும் அலுவலகங்களிலும் மானிட்டரின் கதி என்ன என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான புதுக் கணினிகளில் டிவிஐ இல்லை, விஜிஏ இல்லை. மானிட்டருக்கு ஒரு குறையுமில்லை.

என் யோசனை சாதாரணமானது. லண்டனின் ஒவ்வொரு பரோவிலும் ஒரு நூலகத்தில் ஒரு மேசை. அதன்மேல் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் நான்கும் உள்ள ஒரு பழைய மானிட்டர், இரண்டு மடிக்கணினிகள். பக்கத்தில் அறை அறையாகப் பிரித்த ஓர் இழுப்பறை. சனிக்கிழமை மட்டும் ஒருவர் உட்கார்ந்தால் போதும். வீட்டுப் பையைக் கொண்டுவந்து கொட்டுங்கள். அவர் சொருகிப் பார்த்து, ஓடுவதற்குச் சீட்டு ஒட்டி இழுப்பறையில் போடுவார், ஓடாததைச் செம்புத் தொட்டிக்கு அனுப்புவார். தேவைப்பட்டவர் புத்தகம் போல எடுத்துப் போகட்டும். திருப்பித் தராவிட்டாலும் குடி முழுகிப்போகாது. துளையிடும் இயந்திரத்தையும் கம்பளம் கழுவும் இயந்திரத்தையும் வாடகைக்குக் கொடுக்கும் லைப்ரரி ஆஃப் திங்ஸ், 2014இல் தெற்கு லண்டனில் முளைத்த யோசனைதான். அதை அபத்தமென்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து என்றால், மின்குப்பைக்காக உற்பத்தியாளர்கள் கட்டும் பணத்திலிருந்து என்பேன். பெட்டிக்குள் அடாப்டர் வைக்காமல் தனியாக விற்றுக் காசு பார்த்தவர்கள் அவர்கள்தானே!

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமென்று நான் வாதிடவில்லை. விஜிஏவில் பெரிய திரையில் எழுத்து மங்கும். பதிப்புரிமைப் பூட்டுப் போட்ட திரைப்படம் அதில் ஓட மறுக்கும். நாற்பது கிலோ குழல் மானிட்டரை வைத்துக்கொண்டு மின்சாரக் கட்டணம் கட்டச் சொல்லவும் மாட்டேன். எழுதப் படிக்க, கணக்குப் பார்க்க, மாணவர் ஒருவர் இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ள, பத்தொன்பது அங்குல எல்சிடி இன்றும் தாராளமாகப் போதும்.

யுஎஸ்பி-சி வந்தாயிற்று, இனி இந்தத் தொல்லை தீர்ந்தது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் போன்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, 2026 ஏப்ரல் முதல் மடிக்கணினிகளுக்கும். சார்ஜருக்கு அது நல்லது. படத்துக்கு நிலைமை முன்னைவிடச் சிக்கல். ஒரே வடிவக் கேபிளில் சார்ஜ் மட்டும் ஏற்றுவது உண்டு, தரவு அனுப்புவது உண்டு, படமும் கடத்துவது உண்டு. சில மடிக்கணினிகளின் இரண்டு ஓட்டைகளில் ஒன்று மானிட்டரை ஏற்கும், மற்றது ஏற்காது. விஜிஏவையும் டிவிஐயையும் நிறமும் பின்னும் பார்த்துப் பிரித்துவிடலாம். யுஎஸ்பி-சி எதற்கு ஆகும் என்று ரிச்சி தெருப் பையனும் சொருகிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இன்னும் பத்தாண்டில் டெஸ்கோ பைகள் நிறைய ஒரே மாதிரிக் கேபிள்கள் சேரும்போது, அந்த நூலக மேசைக்கு வரிசை இப்போதையதைவிட நீளமாக இருக்கும்.